ரத்தக் கொதிப்பும் 26 கேள்விகளும்



கொரோனா காலத்தில், 2020லும் 2021லும், தினமும் சாயங்காலம் தமிழக சுகாதாரத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது நினைவிருக்கும். எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று. செத்தவர்களுக்கு ஆளுக்கு நாலு வரி. வயது, ஆணா பெண்ணா, எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி. பெயர் இருக்காது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவர்களுடைய வியாதி இருக்கும். உயர் ரத்த அழுத்தம். சர்க்கரை. இவற்றுக்கு ‘இணை நோய்’ என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார்கள். டி.வி.யில் அந்தச் சொல் வந்ததும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பலருக்கு ஒரு சின்ன ஆறுதல். செத்தவன் ஏற்கெனவே ஓட்டை உடம்புக்காரன், நமக்கு ஒன்றும் ஆகாது.

அந்த ஓட்டை உடம்பு எங்கே குடியிருந்தது, என்ன வேலை பார்த்தது, சாவதற்கு முன்னால் எத்தனை நாள் மாத்திரை இல்லாமல் கிடந்தது என்று அறிக்கையில் ஒரு வரி கிடையாது. சாதியும் கிடையாது. சான்றிதழுக்கும் கலப்பு மணத்துக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் சாதி கேட்கிற இந்த நாடு, சாவுக் கணக்கில் மட்டும் சாதி பார்க்காத உத்தமனாகிவிடுகிறது. இணை நோய் எது என்று நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2023 மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம், கொரோனா இனி உலக அளவிலான அவசர நிலை இல்லை என்று அறிவித்துவிட்டது. இப்போது எதற்கு இந்தப் பழைய பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். ரத்தக் கொதிப்புக்கு அப்படி ஒரு முடிவு அறிவிப்பு வராது. ஒருமுறை வந்தால் சாகிறவரைக்கும் தினம் மாத்திரை. தினம் வேண்டிய ஒரு பொருள் திடீரென்று கிடைக்காமல் போனால் யாருக்கு முதலில் கிடைக்காமல் போகும் என்பது மருத்துவக் கேள்வி இல்லை. அது நம் கேள்வி. அடுத்த தொற்று எப்போது என்று தெரியாது. அன்றைக்கும் இந்த மக்கள் இதே இடத்தில்தான் இருக்கப்போகிறார்கள் என்றால் இப்போதே பேசியாக வேண்டும்.

முதலில் கணக்கு. வங்கிக் குமாஸ்தாவுக்குக் கணக்கில்லாமல் பேச வராது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 21 விழுக்காடு பேருக்கும் ஆண்களில் 24 விழுக்காடு பேருக்கும் ரத்த அழுத்தம் கூடுதல், அல்லது அதற்கு மருந்து சாப்பிடுகிறார்கள். 2020இல் தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயதுவரை உள்ளவர்களிடம் எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு 33.9 விழுக்காடு என்றது. மூன்று பேரில் ஒருத்தர். அந்த ஒருத்தர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் 140க்கு 90க்குக் கீழே கட்டுக்குள் இருந்தது? 7.3 விழுக்காடு. நூறு பேருக்கு ஏழு பேர். மீதி 93 பேரில் பலருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் மாத்திரை சாப்பிடுவதில்லை. சாப்பிடுகிறவர்களுக்கும் அளவு பார்த்து மாற்றிக் கொடுக்க ஆள் இல்லை. பெருந்தொற்று வந்து இறங்கியது இந்த உடம்புகள் மேல்தான்.

இந்த நோயாளிகளின் ‘வாழ்க்கைத் தரம்’ பெருந்தொற்றில் எப்படி இருந்தது என்று பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். வாழ்க்கைத் தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனத்திடம் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 26 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். உடம்பு, மனசு, உறவு, சுற்றுச்சூழல் என்று நான்கு பாகம். 1990களில் அதை உருவாக்கியபோது சேர்த்துக்கொண்ட உலக நகரங்களில் நம் மெட்ராசும் ஒன்று. அதனால் அந்நியச் சரக்கு என்று தள்ளிவிட முடியாது. கடந்த இரண்டு வாரத்தை வைத்துப் பதில் சொல்லச் சொல்கிற தாள் அது. நான் அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கம் போனேன். ஆய்வு செய்ய இல்லை. எனக்கு அந்தத் தகுதியும் கிடையாது. எட்டு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நாலைந்து பெண்களிடம் ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக் காட்டி, ‘2020 ஊரடங்குல இத கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க’ என்றேன். எல்லோரும் பிரசர்காரர்கள்.

எதற்குப் பெரும்பாக்கம்? சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. தலித் பெண்ணாகப் பிறந்து தமிழக அமைச்சராகவும் மத்திய அமைச்சராகவும் இருந்த சத்தியவாணி முத்துவின் பெயர். கூவத்தைச் சீரமைக்கிறோம் என்று 2019 டிசம்பர் கடைசியில் ஆரம்பித்து அந்த வீடுகளை இடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாதி வருடம் போயிருந்தது. சனங்களைப் பெரும்பாக்கத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். மூன்றே மாதத்தில் ஊரடங்கு.

இப்போது கேள்வித்தாளின் 24ஆவது கேள்விக்கு வருவோம். மருத்துவ வசதி கிடைப்பதில் உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி? கூவம் கரையில் இருந்தவரை இவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிற அரசுப் பொது மருத்துவமனை. நடந்து போவார்கள். காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் போய் வரிசையில் நின்று நோட்டில் எழுதி மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்கும் போய்விடலாம். கூவம் நாறும், கொசு கடிக்கும், மழை வந்தால் வெள்ளம் வரும். எல்லாம் உண்மை. ஆனால் நாட்டின் பழைய, பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் ஒன்று அவர்களுடைய தெருமுனையில் இருந்தது. பணக்காரனுக்குக் கிடைக்காத வசதி அது. அதை எடுத்துக்கொண்டு 25 கிலோமீட்டர் தள்ளி விட்டார்கள். நோட்டு ஜி.எச்.சிலேயே கெடக்கு, ஆளு இங்க கெடக்குறோம் என்றார் ஓர் அக்கா.

25ஆவது கேள்வி, போக்குவரத்து. 2020 மார்ச் 24 சாயங்காலத்தோடு நின்ற மாநகரப் பேருந்து செப்டம்பர் 1ஆம் தேதிதான் திரும்ப ஓடியது. ஐந்து மாதத்துக்கு மேல். ஆட்டோவுக்குப் போக வர ஆகிற காசில் ஒரு குடும்பம் ஒரு வாரம் சாப்பிடலாம். போலீஸ் நிறுத்தினால் ஆஸ்பத்திரி நோட்டைக் காட்ட வேண்டும், நோட்டு இருந்தால்தானே. அரசாங்கம் இரண்டு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கச் சொன்னது. நல்ல உத்தரவுதான். வாங்கப் போக வழி இல்லாதவனுக்கு இரண்டு மாத்திரையும் ஒன்றுதான், இரண்டு மாத மாத்திரையும் ஒன்றுதான். பக்கத்தில் இருந்த சுகாதார நிலையத்து நர்சுகள் காய்ச்சல் முகாமுக்குப் போய்விட்டார்கள். பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை இருக்கிறது. மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். ராத்திரியில் விளக்கெல்லாம் போட்டுக் கப்பல் மாதிரி இருக்கும். இவர்களில் சிலர் அங்கே தரை துடைக்கிற வேலைக்குப் போகிறார்கள்.

அந்த ஐந்து மாதமும் என்ன செய்தீர்கள்? இருந்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டோம். பாதியாக உடைத்துப் போட்டோம். பக்கத்து வீட்டு ஆயா செத்துப்போச்சு, அதோட மாத்திரை மிச்சம் இருந்துச்சு, அத்த வாங்கிப் போட்டுக்கினேன் என்றார் ஒருவர். என்ன மாத்திரை என்று தெரியாது. வெள்ளையா, சின்னதா இருந்துச்சு, நம்புளுதும் அப்டித்தான் இருக்கும். இதைச் சொல்லும்போது யாரும் அழவில்லை. கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னார்கள்.

எனக்கு நடுக்கம் கொடுத்தது நாலாவது கேள்வி. தினசரி வாழ்க்கையை ஓட்ட உங்களுக்கு எந்த அளவுக்கு மருத்துவம் தேவைப்படுகிறது? இந்தக் கேள்விக்கு மதிப்பெண் தலைகீழ். மிக அதிகம் தேவை என்றால் ஒரே ஒரு மதிப்பெண். தேவையே இல்லை என்றால் ஐந்து. மாத்திரையில் தொங்கிக்கொண்டிருக்கிற வாழ்க்கை தரம் குறைந்தது என்ற எண்ணம். வசதியான நாட்டில் அது சரியாக இருக்கலாம். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னார்: மாத்திர இல்லாமயே ஓடுச்சு தம்பி, ஒண்ணும் தேவப்படல. அவருக்கு ஐந்துக்கு ஐந்து. இடது கையைத் தூக்க முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். 2020 ஆகஸ்டில் அந்தக் கை இழுத்துக்கொண்டது. இல்லாமல் வாழப் பழக்கிவிட்ட சனத்திடம் போய்த் தேவை எவ்வளவு என்று கேட்டால், தேவை இல்லை என்றுதான் சொல்லும். அதைக் கூட்டிக் கழித்து, அடித்தட்டு மக்கள் எதையும் தாங்குகிறார்கள் என்று முடிவு எழுதுகிற படிப்பாளிகளும் இருக்கிறார்கள்.

21ஆவது கேள்வி தாம்பத்தியம் பற்றியது. படித்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரே ரூமு, ஆறு பேரு, ஊரே அடங்கிக் கெடக்கு, இதுல அது வேறயா! சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. அன்றைக்கு அந்தத் தாளால் ஏதாவது வாழ்க்கைத் தரம் உயர்ந்தது என்றால் அந்தப் பத்து நிமிஷம்தான்.

26 கேள்வியிலும் இல்லாத ஒரு கேள்வி உண்டு. உங்களை யாராவது தள்ளி நிற்கச் சொன்னார்களா?

12ஆவது கேள்வி பணம். இதை நான் கவுன்டருக்கு உள்ளே இருந்து பார்த்தவன். 2020 ஏப்ரலில் ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மத்திய அரசு மூன்று மாதம் மாதம் 500 ரூபாய் போட்டது. கூட்டம் சேரக்கூடாது என்று கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி நாள் பிரித்தார்கள். 0, 1 என்றால் ஏப்ரல் 3. 2, 3 என்றால் 4ஆம் தேதி. அப்படியே 9ஆம் தேதி வரை. அந்தத் தேதியை விட்டவர்கள் பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் அடுத்த கட்ட வரி எவ்வளவு தூரம் போய்ச் சேரும்? பணம் திரும்பப் போயிடுமாம் என்று ஒரு வதந்தி. கடைசி இலக்கம் தெரியாத, பாஸ்புக்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிய கிழவிகள் மூன்றாம் தேதியே எல்லோரும் வந்துவிட்டார்கள். ரோட்டில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு அதற்குள் நிற்கச் சொன்னோம். ஏப்ரல் வெயில். பிரசர் உள்ள உடம்பு, வெறும் வயிறு, முகக்கவசம். ஒரு வட்டத்துக்குள் உட்கார்ந்த பெண்ணைக் காவலுக்கு நின்றவர் எழுந்து நில்லு என்று அதட்டினார். உட்கார்ந்தால் இடைவெளி குறையுமா? 500 ரூபாய்க்குக் கையெழுத்தாகக் கட்டை விரலை நீட்டியபோது அந்த விரல் நடுங்கியது. ரத்த அழுத்தம் 140க்கு 90 என்பதை இயந்திரம் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை.

அந்த 500இல் மாத்திரை வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மாத்திரை இரண்டு மூன்று ரூபாய்தான். ஆனால் மெடிக்கல் கடைக்காரன் ஒரு மாத்திரையைத் தனியாகத் தருவானா, சீட்டு இல்லாமல் தருவானா, முதல் மாதக் கடனுக்கு வீட்டு வாசலில் நிற்கிற மைக்ரோ ஃபைனான்ஸ்காரன் விடுவானா. தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது எங்கள் மேலாளருக்குத் தெரியும். வாசலில் நின்றவனுக்குத் தெரியாத மாதிரி இருந்தான்.

உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரசர் என்று போனால் டாக்டர் முதலில் சொல்வது உப்பைக் குறை, ஊறுகாய் தொடாதே, கருவாடு தொடாதே. உலக சுகாதார நிறுவனமும் ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குக் கீழே என்கிறது. மருத்துவப்படி சரிதான், மறுக்கவில்லை. ஆனால் நம் சனங்கள் ருசிக்காகவா இவ்வளவு உப்பைத் தின்றார்கள்? கறி கிடைக்கிற அன்றைக்கு நிறையக் கிடைக்கும், கிடைக்காத நாளில் ஒன்றும் கிடைக்காது. செத்த மாட்டை அறுத்துப் பங்கு போட்டுத் தின்றது போக மிச்சத்தை உப்புக்கண்டம் போட்டுக் கயிற்றில் காயவைத்தார்கள். மலிவாக வந்த மீனைக் கருவாடாக வாங்கி வைத்தார்கள். உப்புதான் சேரியின் ஃபிரிட்ஜ். தலைமுறை தலைமுறையாகக் கூலியும் சோறும் நிச்சயமில்லாமல் வைத்திருந்ததன் பலன் அந்த உப்பு. இப்போது அது ரத்தத்தில் ஏறிவிட்டது. ஊரடங்கில் ரேஷனில் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் கிடைத்தது. காய்கறி? 2020 மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தையையே மூடினார்கள். பெரும்பாக்கத்துக்கு வந்த தள்ளுவண்டியில் தக்காளி விலையைக் கேட்டு அப்படியே திரும்பியவர்கள் கஞ்சிக்கு ஊறுகாய்தான் தொட்டுக்கொண்டார்கள். ஒரு ரூபாய்க்கு ஒரு பொட்டலம். அந்தப் பொட்டலத்தை ‘உணவுப் பழக்கம்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிகிறது. பழக்கமா அது?

வீட்டுக்குள் இருந்தவர்கள் கதை இது. வெளியே இருந்தவர்கள் கதை வேறு. ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்ட அன்றைக்கும் விடிகாலையில் தள்ளுவண்டியோடு போனவர்கள் தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலும் யார் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச் 22 அன்று நாடு கை தட்டியது. சில ஊர்களில் மாலை போட்டார்கள், காலைக் கழுவினார்கள். அவர்கள் கேட்டது கையுறை.

எனக்கு அத்தை முறை ஆகிற ஒருவர் இந்த வேலையில் இருந்தார். பிரசருக்கு அவருக்கு இரண்டு மாத்திரை. அதில் ஒன்று உடம்பில் உள்ள உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுகிற மாத்திரை. நல்ல மாத்திரை, மலிவானது, உலகம் பூராவும் கொடுக்கிறார்கள். காலையில் போட வேண்டும். போட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். எங்கே போவது? வழக்கமாக டீக்கடைக்காரர் பின்கட்டில் விடுவார், கல்யாண மண்டபத்தில் விடுவார்கள். ஊரடங்கில் டீக்கடை இல்லை, மண்டபம் இல்லை. குப்பையை வாங்கிக்கொள்ளும் வீடுகள் கக்கூசை விடுமா? தண்ணியே குடிக்காமல் மதியம் வரைக்கும் ஓட்டுவார். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். டாக்டரிடம் சொல்லவில்லை. போட்டேன் என்றே சொன்னார். அழுத்தம் இறங்கவில்லை என்று டாக்டர் மற்ற மாத்திரையைக் கூட்டினார். மருத்துவக் கோப்பில் இது ‘மருந்து ஒழுங்காகச் சாப்பிடாத நோயாளி’ என்று பதிவாகும். தெருவில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை இல்லை என்பது எந்தக் கோப்பில் பதிவாகும்? அவருடைய ரத்தக் குழாயில் இருந்த அழுத்தத்துக்கு மாநகராட்சியின் கட்டட வரைபடத்தில் காரணம் இருக்கிறது.

மாலை வாங்கியவர்கள் கதை அங்கே முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலையைத் தனியார் ஒப்பந்தத்துக்குக் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை முன்பு நாட்கணக்கில் உட்கார்ந்தார்கள். கொரோனாவில் வேலை செய்தவர்கள் நாங்கள் என்று சொன்னார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றியது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவனின் ரத்த அழுத்தத்தை எந்த மாத்திரை இறக்கும்?

இடையில் ஒரு வதந்தி வந்து போனதையும் பதிவு செய்ய வேண்டும். கொரோனா கிருமி உடம்புக்குள் நுழையும் கதவும், எனலாபிரில், லோசார்டன் போன்ற பிரசர் மாத்திரைகள் வேலை செய்யும் இடமும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை. அதனால் இந்த மாத்திரை போடுகிறவர்களைக் கிருமி சுலபமாகப் பிடிக்கும் என்று 2020 மார்ச்சிலேயே ஒரு பயம் கிளம்பியது. ஐரோப்பிய, அமெரிக்க இதயநோய் மருத்துவச் சங்கங்கள் அந்த மாதமே, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று அறிக்கை விட்டன. பிரேசிலில் 659 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று 2021 ஜனவரியில் முடிவு வந்தது. ஆனால் வதந்தி வாட்சப்பில் தமிழில் வந்தது, மறுப்பு இங்கிலீஷில் இருந்தது. பயந்து நிறுத்தியவர்கள் நம் தெருவிலும் உண்டு.

‘சமூக இடைவெளி’ என்ற சொல்லைப் பற்றி அப்போதே பலர் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனமேகூட 2020 மார்ச்சில் உடல் இடைவெளி என்று சொல்லுங்கள் என்றது. இங்கே யார் கேட்டார்கள்? இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே அர்த்தம் இருந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் உள்ளது அதுதான். பிரசர் பார்ப்பது தொட்டுச் செய்ய வேண்டிய காரியம். கையைப் பிடித்துப் பட்டை கட்டி, முழங்கை மடிப்பில் நாடி தேடி, கொஞ்ச நேரம் பக்கத்தில் இருக்க வேண்டும். 2001-02இல் 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி ஓர் ஆய்வு நடந்தது. மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொது சுகாதார ஊழியர்கள் தலித் வீட்டுக்குள் போக மறுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. கொரோனாவுக்கு இருபது வருஷம் முன்னாலேயே நம் வீடுகள் தனிமைப்படுத்தப்பட்ட பகுதிதான். 1897இல் புனே பகுதியில் பிளேக் பரவியபோது, முண்ட்வாவில் நோய் கண்ட ஒரு தலித் சிறுவனை முதுகில் தூக்கிக்கொண்டு மகனுடைய மருத்துவமனைக்கு நடந்தவர் சாவித்திரிபாய் பூலே. தொற்றிக்கொண்டு அந்த மார்ச் 10ஆம் தேதி செத்துப்போனார். நம் மரபில் மருத்துவம் என்றால் அது. ‘தமிழன்’ நடத்திய அயோத்திதாசப் பண்டிதரும் வைத்தியர்தான் என்பதை, அவரைத் தத்துவவாதியாக மட்டும் படிக்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. பிரசர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். வாசலில் உட்கார்ந்து ஒரு பெண் பட்டை கட்டிப் பார்த்து நோட்டில் எழுதிப் போவார். இதை நான் பிரச்சாரம் என்று தள்ள மாட்டேன். கை இழுத்துக்கொண்ட அந்த அம்மாவுக்கு இப்போது மாத்திரை இதில்தான் வருகிறது. என் வருத்தம் இரண்டு. ஒன்று, மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவர முடியும் என்று 2021இல் தெரிந்த அரசாங்கத்துக்கு 2020இல் ஏன் தெரியவில்லை? அதே 2020இல் ரேஷன் கடை வழியாக ஆயிரம் ரூபாய் அரிசிக் கார்டுகளுக்குப் போய்ச் சேர்ந்ததே. இரண்டு, வீடு வீடாகப் படியேறும் அந்தப் பெண்களுக்குப் பெயர் தன்னார்வலர், வாங்குவது ஊக்கத்தொகை. எட்டு மாடியில் லிஃப்ட் நின்றுபோன நாளில் மூச்சு வாங்க ஏறி வருகிறவருக்கு யார் பிரசர் பார்ப்பது? ஏழைப் பெண்ணின் உடம்பை எடுத்து இன்னோர் ஏழையின் உடம்பைச் சரி செய்வதற்குப் பெயர் பொதுச் சுகாதாரமா?

கடைசியாக நமக்குள் ஒரு பேச்சு. டாக்டர்கள் சொல்லும் இன்னொன்று: கோபப்படாதீங்க, டென்ஷன் ஆகாதீங்க. தமிழில் இந்த வியாதிக்கு ரத்தக் கொதிப்பு என்று பெயர். நம் மேடைகளிலும் கவிதைகளிலும் ரத்தம் கொதிக்காத நாள் கிடையாது. நானும் அப்படி எழுதியவன்தான். ஆனால் ஐம்பது வயதுக்குள் பக்கவாதம் வந்து படுத்த தோழர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்டிக் கொன்றால் சுவரொட்டி அடிக்கிறோம், மறியல் செய்கிறோம், செய்யத்தான் வேண்டும். மாத்திரை இல்லாமல் மெல்லச் செத்தவனுக்கு நம் இயக்கங்களின் கணக்கில் இடமில்லை. பக்கவாதம் வந்தால் காத்து கருப்பு என்கிறோம், அவன் குடிச்சான் என்கிறோம். கோபத்தை விடச் சொல்லி எந்த டாக்டரும் நமக்குச் சொல்ல வேண்டாம். அதை விட்டால் நமக்கு என்ன மிச்சம்? ஆனால் கோபப்படுகிறவன் எழுபது வயதுவரை இருந்து கோபப்பட வேண்டும். அதற்கு அம்லோடிபின் தேவை என்றால் அதையும் கேட்போம், வீட்டுமனைப் பட்டா கேட்கிற அதே குரலில்.

கேட்க வேண்டியவை: ஊரடங்கோ வெள்ளமோ எது வந்தாலும் மூன்று மாத மாத்திரை ரேஷன் கடையில் வைத்துக் கொடுக்கப்பட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து யாரையும் தூரமாகக் குடியேற்றக் கூடாது. ஏற்கெனவே குடியேற்றிய பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரியில் ராத்திரியும் டாக்டர் இருக்கிற அரசு ஆஸ்பத்திரி வேண்டும். தூய்மைப் பணியாளர் வேலை செய்யும் ஒவ்வொரு வார்டிலும் அவர்கள் உபயோகிக்கக் கழிப்பறை வேண்டும். சாவு அறிக்கையில் வியாதி எழுதுகிறவர்கள் தொழிலையும் குடியிருப்பையும் எழுத வேண்டும்.

தோழர்கள் அவரவர் தெருவில் பிரசர் உள்ளவர்கள் எத்தனை பேர், மாத்திரை எங்கே வாங்குகிறார்கள், நடையா பஸ்ஸா, 2020இல் எத்தனை நாள் மாத்திரை இல்லாமல் இருந்தார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், ஊரும் வேலையும் போதும். அடுத்த இதழில் நாலு பக்கம் இதற்கு ஒதுக்கியிருக்கிறோம், கவிதைகள் கொஞ்சம் காத்திருக்கட்டும். மாதாந்திரக் கூட்டத்துக்கு ஒரு பிரசர் மெஷின் வாங்கியிருக்கிறோம். செவிலியர் படிப்பு முடித்த நம் தெருப் பெண் ஒருவர் வந்து பார்ப்பார். கூட்டம் ஆரம்பிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால், டீ குடிக்காமல், சிகரெட் பிடிக்காமல் வந்து உட்காரவும்.